சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது: எந்தச் சூரணம் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பல வருடமாக வயிற்றுத் தொல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வயிறு உப்பிக்கொள்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது. மூன்று நாள் மலம் கட்டிக்கொள்ளும். தாங்க முடியாமல் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மூலிகைப் பொடியைப் போட்டால் மறுநாள் மூன்று நான்கு முறை இளகிப் போகும். அப்புறம் மறுபடியும் கட்டிக்கொள்ளும். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்றார்கள். தினமும் காலையில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்பிரசோல் மாத்திரை போடுகிறேன். ஆயுர்வேதத்தில் இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா? எந்த மருந்து வாங்கலாம்? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: ஆயுர்வேதம் உங்களுக்கு நிச்சயம் உதவும். ஆனால் அந்த உதவியில் பெரும்பங்கு சாப்பிடும் நேரத்தையும் விதத்தையும் மாற்றுவதில்தான் இருக்கிறது. சூரணத்துக்கு இரண்டாவது இடம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். முதலில் விட வேண்டியது அந்த மூலிகைப் பொடியை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் செய்துகொண்ட எண்டோஸ்கோப்பி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை மட்டுமே பார்க்கும். பெருங்குடலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மலத்தில் ரத்தம், தார் போன்ற கருப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விழுங்கும்போது சிக்குவது, தொடர் வாந்தி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி அல்லது பேதி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தச் சூரணத்தையும் தொடாமல் குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.) இன்னொன்று பெண்களுக்கு மட்டும். எப்போதாவது வந்துபோகும் உப்பசம் வேறு. நாள்தோறும் குறையாமல் நிற்கும் உப்பசமும், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வும் வேறு. இரண்டாவது வகை என்றால் அடிவயிற்று ஸ்கேன் எடுத்துச் சினைப்பையைப் பார்த்துவிட வேண்டும். ‘கேஸ்’ என்று சொல்லியே இதைத் தள்ளிப்போடும் பெண்கள் நிறைய. தயவுசெய்து நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் மலம் கட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றை இளக்கும். இதெல்லாம் இருக்கும்போது வயிற்றுக்கு மட்டும் மருந்து தேடிப் பயனில்லை.

சரி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆயுர்வேதம் உங்கள் வயிற்றை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன்.

செரிமானத் திறனை அக்னி என்கிறோம். அது நான்கு விதம். நேரத்துக்குப் பசித்து, தின்றது தொல்லையின்றிச் செரித்தால் சம அக்னி. பசியே எடுக்காமல், கொஞ்சம் தின்றாலும் கல் போலக் கிடந்தால் மந்த அக்னி. அது கப வகை. அடிக்கடி பசித்து, சாப்பிடத் தாமதமானால் எரிச்சலும் தலைவலியும் வந்தால் தீட்சண அக்னி. அது பித்த வகை. ஒரு நாள் நன்றாகச் செரித்து, மறுநாள் அதே சாப்பாடு உப்பி, மலமும் ஒரு நாள் கட்டி ஒரு நாள் இளகினால் விஷம அக்னி. இது வாத வகை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. நவீன மருத்துவத்தில் ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று சொல்வதோடு இதற்கு நிறைய ஒற்றுமை உண்டு. பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தெரியாது, ஆனால் வேதனை முழுக்க நிஜம்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், மூன்று வகைக்காரர்களும் மருந்துக் கடையில் ‘கேஸ் ட்ரபிள்’ என்றுதான் சொல்வார்கள். மந்த அக்னிக்காரருக்குச் சுக்கும் மிளகும் நன்மை செய்யும். அதையே எரிச்சல்காரருக்குக் கொடுத்தால் இரவு முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட சூரணம் உங்களுக்குக் கேட்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இனி அந்தப் பொடி. டப்பாவைத் திருப்பி என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். நிலாவாரை, சென்னா, சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கலாம். நான்கும் ஒரே இலைதான். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் நல்ல மருந்து. பெருங்குடலைத் தூண்டிச் சுருங்க வைத்து மலத்தைத் தள்ளுவது அதன் வேலை. அவசரத்துக்கு ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

சிக்கல் எங்கே வருகிறது பாருங்கள். பொடி போட்ட மறுநாள் பெருங்குடல் மொத்தமாகக் காலியாகிவிடுகிறது. அது மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் வேண்டும். அந்த நாட்களில் மலம் வராதது இயல்பு. ஆனால் நமக்குப் பதற்றம் வந்துவிடும், மறுபடி பொடியைத் தேடுவோம். நீங்கள் சொல்லும் ‘கட்டிக்கொள்ளும், இளகிப் போகும்’ என்ற சுழற்சியில் பாதி உங்கள் வயிறு செய்வதாக இருக்கலாம். மீதியைப் பொடிதான் செய்கிறது. மூலிகை என்ற ஒரே காரணத்தால் எதையும் வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஆயுர்வேதம் படித்தவன் என்ற முறையில் அதை மறுப்பது என் கடமை. பேதி மருந்தை இவ்வளவு நாள், இன்னாருக்கு என்று அளந்து கொடுக்கச் சொல்லும் மருத்துவம் இது.

பொடியின் அளவைப் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கி, மூன்று நான்கு வாரத்தில் விட்டுவிடுங்கள். அதன் இடத்தில் இசப்கோல் உமி. முதல் வாரம் அரைத் தேக்கரண்டி போதும். எடுத்த எடுப்பில் அதிகமாகப் போட்டால் அதுவே உப்பசம் உண்டாக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து ஊறவிடாமல் உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள். வேறு மாத்திரை எதுவானாலும் இதற்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ இருக்கட்டும். காலைச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காருங்கள், வந்தாலும் வராவிட்டாலும். வயிற்றில் உணவு விழுந்தவுடன் பெருங்குடல் தானாக அசையும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் அதை அடக்கி அடக்கியே மறக்கடித்துவிடுகிறோம். மலம், சிறுநீர் போல இயல்பாக வரும் வேகங்களை (உந்துதல்களை) அடக்குவதே பல நோய்களுக்குக் காரணம் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சிறிய முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் வேலை, இடைத்தீனியை நிறுத்துவது. முன்பு தின்றது செரிப்பதற்குள் அடுத்ததைத் தின்பதை அத்தியசனம் என்று பெயர் வைத்தே கண்டிக்கிறது ஆயுர்வேதம். வேகிற உலையில் நடுவே பச்சை அரிசியைக் கொட்டினால் எதுவும் ஒழுங்காக வேகாது, அந்தக் கதைதான். காலை இட்லி, பதினொரு மணிக்கு டீயும் பன்னும், ஒன்றரைக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு டீயும் வடையும், இரவு ஒன்பதரைக்குத் தோசை. அலுவலகத்தில் வேலை செய்யும் பலருக்கும் நாள் இப்படித்தான் போகிறது. டீ குடியுங்கள், பரவாயில்லை. கூட எதுவும் வேண்டாம். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். படுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் இடைவெளி இருந்தால் புளித்த ஏப்பத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். வயிற்றில் பாதி திட உணவு, கால்வாசி நீர், மீதிக் கால்வாசி காலியிடம் என்பது பழைய ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர் சொன்ன அளவு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும் முன் அதை நினைத்துக்கொண்டால் போதும்.

சிறுதானியம் பற்றியும் சொல்லியாக வேண்டும், எல்லோரும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். வரகு, தினை, கம்பு ஆகியவற்றுக்கு வறட்சிக் குணம் உண்டு என்கிறது ஆயுர்வேதம். மந்த அக்னி உள்ள, உடல் பருத்தவருக்கு நல்லது. உங்களைப் போல உப்பசமும் மலக்கட்டும் உள்ளவருக்கு மூன்று வேளையும் அதுவே என்றால் தொல்லை கூடலாம். கொஞ்ச நாளைக்குப் பழைய புழுங்கலரிசியில் வடித்த சோறு, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, ஒரு தேக்கரண்டி நெய் என்று இருந்து பாருங்கள். பச்சைக் காய் சாலட், முளைகட்டிய பயறு, கொண்டைக்கடலை, மொச்சை இப்போதைக்கு வேண்டாம். நாலு நாள் புளித்த மாவும் வேண்டாம்.

மோருக்கு ஆயுர்வேதம் கொடுக்கும் இடம் பெரிது. கிரகணி என்று சொல்லப்படும் நாள்பட்ட செரிமானக் கோளாறில் மோரே சிறந்த உணவு, சிறந்த மருந்து. நன்றாக உறைந்த, அதிகம் புளிக்காத தயிரில் மூன்று நான்கு மடங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் வறுத்த சீரகத்தூளும் சேர்த்து மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர். இரவில் தயிர் வேண்டாம். நெஞ்செரிச்சல் தூக்கலாக இருக்கும் நாளில் மோரையும் விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மருந்து. விஷம அக்னிக்கு நான் முதலில் யோசிப்பது அஷ்ட சூரணம்; ஹிங்குவாஷ்டகம் என்றும் எழுதியிருப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம் என எட்டுச் சரக்கு. அரைத் தேக்கரண்டியைச் சூடான சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, மதியச் சாப்பாட்டின் முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும். பலரும் சாப்பிட்டு முடித்து வயிறு உப்பிய பிறகு வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார்கள். முதல் கவளம் என்பதுதான் நூல் சொல்லும் முறை. இரண்டு மூன்று வாரம் எடுத்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். இதில் உப்பு இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல், ரத்த மூலம், கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டிலேயே செய்வதானால் கடையில் கிடைக்கும் கட்டிப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்த்து வாங்குங்கள்.

திரிபலா எல்லோருக்கும் ஏற்றது என்று பேசப்படுகிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த அருமையான மருந்துதான். ஆனால் வறண்ட உடம்புக்காரருக்கு வயிற்றைப் பிடித்து இழுப்பதும் உண்டு. பொடியை முழுதாக விட்ட பிறகு அது தேவையா என்று முடிவு செய்யலாம். எரிச்சலுக்கு விற்கும் அவிபத்திகர சூரணத்தில் சர்க்கரை அதிகம், சிவதை என்ற பேதி மருந்தும் இருக்கிறது. நீங்கள் விட்டுவரும் பழக்கத்துக்கு அது வேறு வழியில் திரும்பிப் போவதாகிவிடும். ‘ரசம்’, ‘பஸ்மம்’ என்று முடியும் மருந்துகளில் பாதரசம் போன்ற உலோகங்கள் சேரக்கூடும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. அதனால் உற்பத்தி உரிம எண், சேர்மானம், காலாவதித் தேதி மூன்றும் அச்சிடாத பொட்டலத்தை வாங்காதீர்கள். உலோகம் சேர்ந்த மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள்.

பான்டோப்பிரசோலை நீண்ட நாள் சாப்பிட்டுத் திடீரென்று விட்டால், அடக்கி வைத்திருந்த அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து எரிச்சல் கூடும். அது நோய் திரும்பியது போலவே இருக்கும், பயந்துபோய் மறுபடி மாத்திரைக்கே போவீர்கள். இரவுச் சாப்பாட்டை மாற்றி ஒரு மாதம் போன பிறகு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆஸ்பிரின் அல்லது மூட்டுவலி மாத்திரை தொடர்ந்து எடுப்பவர்களுக்கு வயிற்றைக் காக்கவே அது கொடுக்கப்பட்டிருக்கலாம். அவர்கள் தாங்களாக விடவே கூடாது.

நிரந்தரத் தீர்வா என்று கேட்டீர்கள். இந்த வகை வயிறு, தூக்கம் கெட்டாலோ கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் மனம் அலைந்தாலோ மறுபடி சண்டித்தனம் செய்யும். அப்போது இரண்டு நாள் கஞ்சியும் மோருமாக இருந்து திரும்பிவிடலாம். முதல் ஆறு வாரத்துக்கு ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரம், உப்பசம் வந்த நேரம், மலம் போன விதம் மூன்றை மட்டும் குறித்து வாருங்கள். ஆறு வாரத்தில் எதுவும் மாறவில்லை என்றால் பதிவுபெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது அந்த நோட்டு, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், அந்தப் பொடி டப்பா எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.