சிம்பிள் பிரசன்ட் டென்ஸ்: கேளுங்க, சொல்றேன்

வணக்கம். நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்குறேன், சாயங்காலம் வேலைக்குப் போறவங்களுக்கு ஸ்போக்கன் கிளாஸும் நடத்துறேன். இன்னைக்கு சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் மட்டும் பேசலாம். கூச்சப்படாம கேளுங்க, டிகிரி முடிச்சவங்களே தடுமாறுற இடம்தான் இது.

கேள்வி: அக்கா, ஹீ, ஷீ, இட் வந்தா மட்டும் வெர்போட எஸ் சேர்க்கணும்னு மனப்பாடமா தெரியும், பேசும்போது மட்டும் மறந்துடுது. அந்த எஸ் எதுக்குத்தான் இருக்கு?

பதில்: தம்பி, தமிழ்ல இதைவிடப் பெரிய வேலையை யோசிக்காமலே செய்யுறீங்க. போறேன், போற, போறான், போறா, போறாங்க, போகுதுன்னு ஆள் மாற மாற வாலும் மாறுது இல்லையா, இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணொண்ணா உதிர்ந்துபோய் இப்ப மிச்சம் நிக்கிறது இந்த ஒரே வால்தான். அதுவும் வேற ஊர்லேர்ந்து வந்தது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளைப் புரட்டிப் பாருங்க, ஹாஸ்னு இருக்க வேண்டிய இடத்துல ஹாத்னும், கோஸ் இருக்க வேண்டிய இடத்துல கோயெத்னும் இருக்கும். இங்கிலாந்தோட வடக்குப் பக்கத்துப் பேச்சுல இருந்த எஸ் மெதுவா தெற்க இறங்கி அந்த எத்தைத் தள்ளிவிட்டுடுச்சு.

மறக்காம இருக்கணும்னா ஐ வச்சு பிராக்டிஸ் பண்றதை நிறுத்துங்க. உங்க அம்மாவோட ஒரு நாளைச் சொல்லுங்க. மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ், ஷீ மேக்ஸ் காஃபி, ஷீ டேக்ஸ் த பஸ். தினம் பத்து வாக்கியம், வாய்விட்டு. ரெண்டு வாரத்துல எஸ் தானா வரும்.

கேள்வி: எஸ் எங்க, இஎஸ் எங்க? வாட்சஸ், கோஸ், பிளேஸ், ஸ்டடீஸ் எல்லாம் குழம்புது மேடம்.

பதில்: காதால கேளுங்க. வாட்ச், வாஷ், மிஸ், ஃபிக்ஸ் இதெல்லாம் சீறுற சத்தத்துல முடியுது, அதுக்கு மேல வெறும் எஸ் ஒட்டினா நாக்கு சிக்கிக்கும், அதனால நடுவுல ஒரு 'இ' நுழையுது. அந்த 'இ'தான் எழுத்துல இஎஸ்ஸா நிக்குது. டான்ஸ், சேஞ்ச் மாதிரி ஏற்கனவே இ எழுத்துல முடிஞ்சா எஸ் மட்டும் எழுதினா போதும், சொல்லும்போது டான்சிஸ், சேஞ்சிஸ்தான். கோ, டூ ரெண்டும் எழுத்துக்காக இஎஸ் வாங்கும், கூடுதல் அசை வராது. ஒய்க்கு முன்னாடி வவல் இருந்தா தொடாதீங்க, பிளேஸ், பைஸ். இல்லேன்னா ஒய்யை ஐ ஆக்கி இஎஸ், ஸ்டடீஸ், கிரைஸ். ஹேவ் மட்டும் ஹாஸ்.

ஒண்ணு சொல்லிடுறேன், எஸ்ஏஒய்எஸ்ஸை சேய்ஸ்னு சொல்லாதீங்க, செஸ்தான். டிஓஇஎஸ் டஸ்.

கேள்வி: என் பையன் பத்தாவது. ஷீ டசின்ட் கோஸ்னு எழுதி மார்க் போயிடுச்சு. கோஸ்தானே சரின்னு என்கிட்ட சண்டை போடுறான். எப்படிப் புரிய வைக்கிறது?

பதில்: அம்மா, ரொம்ப நல்ல சண்டை அது. பையன்கிட்ட இப்படிச் சொல்லுங்க. ஒரு வாக்கியத்துக்கு எஸ் ஒண்ணுதான். ஷீ கோஸ்ல அது கோ மேல உக்காந்திருக்கு. இல்லைன்னு சொல்லவோ கேள்வி கேக்கவோ டூ உள்ள வந்ததும் எஸ் அங்க தாவிடும், டூ டஸ்ஸாகும், கோ பழையபடி வெறும் கோ. ஷீ டசின்ட் கோ. டஸ் ஷீ கோ?

டூ எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டான்னா அதுக்கு நம்மகிட்டயே ஜோடி இருக்கு. 'அவன் போகத்தான் செய்யுறான்'னு அழுத்திச் சொல்றோம்ல, 'போக'ல ஆளும் இல்ல காலமும் இல்ல, எல்லாத்தையும் 'செய்யுறான்' தூக்கிக்குது. ஹீ டஸ் கோன்னு அவங்க அழுத்திச் சொல்றதும் அச்சு அசல் இதேதான். 'போறான்தான் செய்யுறான்'னு நாம சொல்வோமா? அதே மாதிரிதான் டசின்ட் கோஸும்.

கேள்வி: அண்ணன் ஒருத்தர் ஆபீஸ்ல 'டெய்லி ஐ வில் கம் அட் நைன்'னு சொன்னதுக்கு வெளிநாட்டு கிளையன்ட், அப்போ இதுவரைக்கும் லேட்டா வந்தீங்களான்னு கேட்டுட்டாராம். இதுல என்னங்க தப்பு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். நம்ம ஆளுங்களோட சிம்பிள் பிரசன்ட் பிரச்சனைல பாதி இங்கதான் இருக்கு, எஸ்ல இல்ல.

தமிழ்ல வழக்கமா நடக்குறதைச் சொல்ல எதிர்காலத்தைப் போடுறோம். 'தினமும் ஒன்பது மணிக்கு வருவேன்', 'அப்பா காலைல காபி குடிப்பார்', 'மாடு புல்லு திங்கும்', 'தண்ணி நூறு டிகிரில கொதிக்கும்'. எதுவுமே நாளைக்கு நடக்கப்போற விஷயம் இல்ல, ஆனா வருவேன்னு மனசுல ஓடுறதால வாய்ல வில் வந்துடுது. தொல்காப்பிய உரையில 'மலை நிற்கும், ஞாயிறு இயங்கும்'னு உதாரணம் வரும், மூணு காலத்துக்கும் பொதுவா நடக்குறதுக்கு. இங்கிலீஷ்ல அந்த இடத்துல நிக்கிறதுதான் சிம்பிள் பிரசன்ட். த சன் ரைசஸ், வாட்டர் பாய்ல்ஸ், ஐ கம் அட் நைன். பேர்ல பிரசன்ட்னு இருக்கேன்னு 'இப்ப நடக்குறது'ன்னு எடுத்துக்காதீங்க, இப்ப நடந்துட்டு இருக்குறதுக்கு ஐ அம் கமிங்னு தனியா இருக்கு. பள்ளிக்கூடத்துல சிம்பிள் பிரசன்ட்னா நிகழ்காலம், வருகிறேன்னு எழுதிப் போட்டதோட விட்டுடுறோம், அது எனக்கு ரொம்ப நாளா வருத்தம், நானே முதல்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பேசுறதுக்கு முன்னாடி 'வர்றது வழக்கம்'னு மாத்திப் பாருங்க. 'தினமும் வருவேன்' பொருந்தும், அப்போ ஐ கம். 'நாளைக்கு வருவேன்' பொருந்தாது, அப்போ வில். 'எங்க தாத்தா அப்பல்லாம் கிணத்துலதான் குளிப்பார்'னு பழைய கதைக்கும் நாம இதையே போடுறோம், அங்க யூஸ்ட் டு பேத்.

கேள்வி: ஐ அம் ஹேவிங் டூ பிரதர்ஸ் தப்பா?

பதில்: தப்பு. ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். 'இருக்காங்க', 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேணும்' இந்த நாலுக்கும் ஐஎன்ஜி வேண்டாம். ஹேவிங் லஞ்ச் சரி, அது சாப்பிடுற வேலை.

கேள்வி: எவ்ரிபடி நோவா, நோஸா? ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் லிவ்வா, லிவ்ஸா? ஹீ கேன்ஸ்னு ஏன் வர்றதில்ல?

பதில்: எவ்ரிபடி நோஸ். எல்லாரும்னு அர்த்தம் வந்தாலும் இலக்கணத்துல ஒருமை. ஒன் ஆஃப்ல ஆள் அந்த ஒருத்தர்தான், அதனால லிவ்ஸ், பக்கத்துல இருக்க ஃபிரெண்ட்ஸைப் பாத்து ஏமாறாதீங்க. பீப்பிள் பன்மை, பீப்பிள் லிவ். கேன், மே, மஸ்ட் எல்லாம் ரொம்பப் பழைய காலத்துல இறந்தகால வடிவமா இருந்து நிகழ்காலத்துக்கு வந்த சொற்கள், இறந்தகாலத்துல எஸ் வராதுல்ல, அந்தப் பழக்கம் இன்னும் போகல.

கேள்வி: கடைசியா ஒண்ணு டீச்சர். த டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோன்னு படிச்சேன். நாளைக்குன்னா வில் இல்லையா?

பதில்: வில் போட்டாலும் தப்பில்ல. ஆனா டிரெயின், பஸ், பரீட்சை இதெல்லாம் டைம் டேபிள்ல அச்சாயிட்ட விஷயம், நாளைக்கும் அதே வழக்கம்தான், அதனால சிம்பிள் பிரசன்ட் வருது. 'நாளைக்கு நான் கிளம்புவேன்'னு உங்க முடிவைச் சொல்லும்போது ஐ லீவ்னு ஆரம்பிக்காதீங்க, ஐ அம் லீவிங் போடுங்க. அப்புறம் 'மழை பெஞ்சா'ன்னு வர்ற இடத்துல வில் வேண்டவே வேண்டாம், இஃப் இட் ரெயின்ஸ். 'மழை பெய்யும்னா'ன்னு நாமும் அங்க சொல்றதில்லையே.