டேப்போடு அடி நிறமும் உரிந்து வருகிறதா?

நகத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் பூசி, அதன்மேல் டேப் ஒட்டிச் சிவப்புக் கோடு போடும்போது இரண்டு கோளாறு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். டேப்பை எடுக்கும்போது அடியில் பூசிய வெள்ளை உரிவதும், சிவப்புக் கோட்டின் ஓரம் கசிவதும், வெவ்வேறு காரணத்தால் வருபவை.

உரிவதற்குக் காரணம் அவசரம். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பாலிஷ் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் மெத்தென்றே இருக்கும். ஒரே தடிமனான பூச்சுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு பூசுங்கள், நடுவில் 5 நிமிடம் விடுங்கள். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருங்கள். முதல் நாள் இரவே வெள்ளையைப் பூசிவிட்டால் இன்னும் நிம்மதி. டேப்பையும் நேராக நகத்தில் ஒட்டாதீர்கள். புறங்கையில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்தால் பசை குறையும்.

கசிவு பெரும்பாலும் நகத்தின் பக்கவாட்டு வளைவில்தான் வரும், அங்கே டேப் லேசாகத் தூக்கி நிற்கும். டூத்பிக்கைப் படுக்கவைத்து ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். பிரஷ்ஷைப் பாட்டில் வாயில் நன்றாக வழித்துவிட்டு, சிவப்பை ஒரே ஒரு பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே டேப்பைத் தாழ்வாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். காய்ந்தபின் இழுத்தால் ஓரம் பிய்யும்.

கடைசியாக மேலே பூசும் நிறமில்லாத டாப் கோட்டுக்கு 15 நிமிடம் பொறுங்கள். பிரஷ் நகத்தை உரசாமல், திரவம் மட்டும் படட்டும். இல்லையென்றால் சிவப்பு வெள்ளையில் இழுபடும். பண்டிகைக் களைக்கு மோதிர விரலில் மட்டும் தங்க கிளிட்டர் போதும், ஸ்பாஞ்சால் ஒற்றி வையுங்கள்.