வேன்கள்: வாடகையா, குத்தகையா?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு எட்டு வேன்கள் வேண்டும். நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பதா, தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பதா?

பதில்: முதலில் வண்டிகளின் ஓட்டக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். தினமும் ஓடுபவற்றுக்குக் குத்தகை சரி. மாதத்தில் சில நாள் மட்டும் ஓடுபவற்றுக்கு வாடகையே போதும். எட்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போட வேண்டாம்.

மாதத் தொகை குறைவாக இருக்கிறதே என்று மயங்கிவிடாதீர்கள். பல வருடம் இந்த ஒப்பந்தங்களைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பணம் கரைவது கடைசிப் பக்கங்களில்தான். கிலோமீட்டர் வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். திருப்பிக் கொடுக்கும்போது பம்பர் கீறல், சீட் கிழிசல் எல்லாம் கணக்கில் ஏறும். எது சாதாரணத் தேய்மானம், எது சேதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்டி வந்த அன்றே நாலு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். நன்கொடை நின்றுபோனால் பாதியில் ஒப்படைக்க முடியுமா, அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்? தொண்டு நிறுவனங்கள் கேட்காமல் விடுவது இதைத்தான். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

அப்புறம், உங்கள் கணக்கு ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) முறையில் என்றால், 2019 முதல் 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகள் பொதுவாக இருப்புநிலைக் குறிப்பில் கடன்பொறுப்பாக ஏறும். கையெழுத்துக்கு முன் தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.