104 என்று கூப்பிட்டது யாரை?

கேள்வி: ஊட்டியில் ஒரு லாட்ஜில் 11 வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். போன மே சீசனிலிருந்து வார லீவே இல்லை. முன்பெல்லாம் நான் இருந்தால் வீடே கலகலக்கும். இப்போது வாயைத் திறந்தால் குத்தல்தான் வருகிறது. வெந்நீர் கேட்டு நச்சரித்த ஒரு 104-ம் ரூம்காரரால், நச்சரிக்கிற எல்லோருக்கும் எங்களிடம் ‘104’ என்றே பெயர். வீட்டில் அம்மாவையும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அம்மா வெந்நீர் கேட்பதில்லை, அந்த வரைக்கும் நிம்மதி. என் நகைச்சுவை உணர்வு செத்துவிட்டதா?

பதில்: ‘அந்த வரைக்கும் நிம்மதி.’ அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இது ஜனவரி. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற காலையில் உங்கள் அம்மா எந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறார் என்று எட்டிப் பார்த்தீர்களா? எல்லோரும் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்திருப்பார், பிள்ளையின் முகம் வாடக்கூடாதே என்று. வாடகை கொடுத்த 104-க்கு வாளி போயிருக்கிறது. பெற்றவளுக்குப் போகவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் நகைச்சுவை சாகவில்லை, திசை மாறிவிட்டது. வேலைச் சுமையில் மனம் ஓய்ந்துபோகிற ‘பர்ன் அவுட்’டைப் பல்லாண்டு ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரே நிற்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, என்ன செய்து என்ன என்ற எண்ணம். இரண்டாவது உங்களுக்கு முற்றிவிட்டது. ஆள் போய் நம்பர் வந்துவிட்டது. நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவர்கள் பின்கட்டில் இப்படிப் பேசித்தான் மூச்சு விடுகிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு யூனிஃபார்மோடு கழன்றுவிட வேண்டும். உங்களுக்கு அது வீடு வரைக்கும் வந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. அதனால் சிரிப்பு கிளப்பைத் தேடாதீர்கள். முதலாளியிடம் வார லீவைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவர் போடுகிற பிச்சை இல்லை. ஏப்ரலில் கூட்டம் மலையேறுவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அது நடக்க நாளாகலாம். வெந்நீருக்கு நாளாகாது. நாளைக் காலை அம்மா எழுவதற்குள் அடுப்பைப் பற்றவைத்து, விளாவி, வாளியை நீங்களே கொண்டுபோய் வையுங்கள். மனைவியிடம் சொல்லிச் செய்யவைக்காதீர்கள். ‘அம்மா’ என்று கூப்பிட்டு வையுங்கள்.