சுத்தியல், தேன்கூடு, நாட்டிலஸ்: கிரேக்கக் கணிதம் பற்றிச் சில கேள்விகள்

கொல்லன் பட்டறையில் சுத்தியல் ஓசையைக் கேட்டுத்தான் பித்தகோரஸ் சுரங்களின் கணக்கைக் கண்டுபிடித்தாராமே?

கதை நன்றாக இருக்கிறது, நடந்திருக்க வழியில்லை. சுத்தியலின் எடையை இரட்டிப்பாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கிவிடாது. தந்தியின் நீளக் கணக்கு மட்டும் அசல். தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ஸட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு அதிர்ந்தால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கு என்றால் சுத்த மத்தியமம். வீட்டில் கிதார் இருந்தால் டேப் வைத்து அளந்து பாருங்கள்: 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியின் கிட்டத்தட்டப் பாதியில்தான் இருக்கும்.

தேனீ ஏன் ஆறு பக்க அறையாகக் கட்டுகிறது என்று கிரேக்கர்கள் யோசித்தார்களா?

யோசித்தார்கள். 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த பாப்பஸ் இதை அழகாக எழுதியிருக்கிறார். சந்து விடாமல் தரையை நிரப்பக்கூடிய ஒழுங்கு வடிவங்கள் (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமானவை) மூன்றே மூன்று: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஒரு புள்ளியைச் சுற்றிக் கோணங்கள் கூடி 360 பாகை வரவேண்டும். ஐங்கோணத்தின் 108 அதில் மீதியின்றி அடங்காது.

இப்போது 12 செ.மீ. நூல் ஒன்றை எடுங்கள். முக்கோணமாக வளைத்தால் உள்ளே சுமார் 6.9 சதுர செ.மீ., சதுரமானால் 9, அறுகோணமானால் 10.4 வரை கிடைக்கும். அதே மெழுகு, அதிகத் தேன்! தேனீக்கு வடிவியல் தெரியும் என்று பாப்பஸ் மெச்சிக்கொண்டார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒழுங்கு வடிவங்களோடு அவர் நிறுத்திக்கொண்டார். பக்கங்கள் எப்படி வளைந்தாலும் அறுகோணமே சிக்கனம் என்று கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தது 1999-இல்தான்.

நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் சுருள் சிப்பியில் கிரேக்கர்களின் தங்க விகிதம் இருப்பது உண்மைதானே?

வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வரும் படம் அது. யூக்ளிட் சொன்னது ஒரு கோட்டை வெட்டும் முறை: முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் இருக்கவேண்டும். அது சுமார் 1.618. ஐங்கோணம் வரைய அவருக்கு அது தேவைப்பட்டது. சிப்பி, பூ பற்றியெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. ‘தங்க’ என்ற அடைமொழியே 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் புழக்கத்துக்கு வந்தது. நாட்டிலஸ் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் மூன்று மடங்கு விரிகிறது. கால் சுற்றுக்கு 1.618 மடங்கு விரியும் தங்கச் சுருளாக இருந்தால் முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு விரிய வேண்டும். சூரியகாந்தியை வேண்டுமானால் நம்பலாம்: விதை வரிசைகளை எண்ணினால் 34, 55 போன்ற எண்கள் அடிக்கடி வரும், பக்கத்துப் பக்கத்து எண்களின் விகிதம் 1.618-ஐ ஒட்டியே இருக்கும்.

இயற்கையைப் பார்த்துத்தான் அவர்கள் கணிதம் செய்தார்களா?

எப்போதும் இல்லை. கி.மு. 200-ஐ ஒட்டி கிரேக்கக் கணிதவியலாளர் அப்போலோனியஸ் கூம்பை வெட்டிக் கிடைத்த வளைகோடுகளை ஆராய்ந்தார். நீள்வட்டம் அவற்றில் ஒன்று. கோள்கள் அதில் ஓடும் என்று அவர் நினைக்கவே இல்லை. செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று வானியலாளர் கெப்ளர் 1609-இல் வெளியிட்டபோது, அதற்கு வேண்டிய கணிதம் 1,800 ஆண்டுகளாகத் தயாராக இருந்தது.