ஆளரவமற்ற தீவு வேண்டுமா?

கேள்வி: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் 5,000 ஆண்டுப் பழமையான கல்வீடுகளும் கல்வட்டமும் இருக்கின்றனவாம். அப்படி ஆளரவமற்ற தீவும் புராதனச் சின்னமும் இருந்தால் எழுத்து தானாக வரும். வயலும் வாய்க்காலும் தவிர நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: ‘ஆளரவமற்ற’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆர்க்னியில் 20,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாடு வளர்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். அங்கே ஸ்ட்ராம்னஸ் என்ற துறைமுக ஊரில் ஒரு தபால்காரரின் மகனாக 1921இல் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் மக்காய் பிரவுன், 1996இல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த ஊரை விட்டு நகரவில்லை. அவர் எழுதியது மீனவர்களையும் சிறு விவசாயிகளையும்தான்.

1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போக, நீங்கள் சொல்லும் கல்வீடுகள் உள்ள ஸ்காரா பிரே கிராமம் அங்கே வெளியே தெரிந்தது. வீட்டுக்குள் கல் கட்டில், கல் அலமாரி, நடுவில் அடுப்பு. பக்கத்திலேயே மேஸ்ஹவ் என்ற பழைய கல்லறை. 12ஆம் நூற்றாண்டில் அதற்குள் புகுந்த வைக்கிங் ஆட்கள் சுவரெல்லாம் தங்கள் எழுத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிகெர்த் என்பவள்தான் பெண்களிலேயே அழகி என்கிறான் ஒருவன். எழுதுகிறவரைத் தூங்கவிடாமல் செய்வது இந்த மாதிரி ஒரு வரிதான். கல்லின் வயது அல்ல.

சரி, நம் பக்கம் வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் சுற்றுச் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்களின், பெயரை வீட்டு விலாசத்தோடு வெட்டி வைத்திருக்கிறான். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு): திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அவளுக்கு ஒரு பங்கு; பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவு) நெல். அப்புறம் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று தெரு முழுக்கப் போகிறது. சேரமங்கை தானாக வந்தாளா, அனுப்பினார்களா? அவளுடைய அம்மா யாரோடு இருந்தாள்? இதற்கெல்லாம் சுவரில் பதில் இல்லை. கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம்மவர்களோ கோபுர நிழல் தரையில் விழாது என்பதையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விழுகிறது ஐயா. சாயங்காலம் போய் நின்று பாருங்கள். இதை நான் எழுதும்போதெல்லாம் தமிழன் பெருமையைக் குலைக்கிறேன் என்று கடிதம் வருகிறது. கட்டியவர்களின் கணக்கும் உழைப்பும் உங்களுக்குப் போதவில்லையா? பொய்யான அதிசயத்தை வாய் பிளந்து பார்க்கிறவர் கீழே குனிந்து கல்வெட்டைப் படிப்பதில்லை. படிக்க ஆள் இல்லாததால்தான், திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்து எழுத்தைத் தேய்க்கும்போது கேட்கவும் ஆள் இல்லை. ஒரு வரி தேய்ந்தால் ஒரு சேரமங்கை போனாள்.

தீவு கேட்டீர்கள். முக்கொம்பில் பிரிந்த காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கமே தீவுதான். அது கூட்டமான ஊர் என்பீர்கள். அப்படியானால் கொள்ளிடம் கடலைச் சேரும் பக்கம் போங்கள். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். மேட்டூரில் உபரி நீரைத் திறந்துவிட்டால் இந்த ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். 2022 ஆகஸ்டிலும் அதுதான் நடந்தது. ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு ஜனங்கள் கரையேறினார்கள். செய்தித்தாளில் கன அடிக் கணக்கு வந்தது. தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் போய் அதே படுகையில் மறுபடி பயிர் வைத்தார்கள். ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதிய ஒரு நாவல் இதுவரை என் மேசைக்கு வரவில்லை.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். போய்வந்து எழுதி அனுப்புங்கள். தேறினால் தொடராகவே போடுகிறேன்.