பென்ஸ் 500இ: பெங்களூரு தமிழ்க் கார்ப் பிரியர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

அல்சூர்: அண்ணா, பென்ஸ் கம்பெனி தன் 500இ காரைத் தானே செய்யாமல் போர்ஷே கம்பெனியிடம் ஏன் போனது?

தெரியாமல் போகவில்லை தம்பி. சாதாரண டபிள்யூ124 குடும்பக் காருக்குள் 500எஸ்எல் ஸ்போர்ட்ஸ் காரின் 5 லிட்டர் வி8 எஞ்சினை இறக்க வேண்டும். 1988இல் அந்த வேலை போர்ஷேவுக்குப் போனது. அகலச் சக்கரத்துக்காக மட்கார்டுகளைப் புடைக்க வைத்ததும், பென்ஸின் சிண்டெல்ஃபிங்கன் ஆலையின் லைனுக்குள் வண்டி நுழையவில்லை. போர்ஷேவுக்கோ அப்போது விற்பனை சரிந்து கை கடித்துக்கொண்டிருந்தது. தன் 959 ஸ்போர்ட்ஸ் காரைத் தயாரித்த கூடமும் காலியாகக் கிடந்தது.

பாடியைப் போர்ஷேவின் ஸுஃபென்ஹௌசன் ஆலையில் பூட்டி, பெயின்டுக்குச் சிண்டெல்ஃபிங்கன் அனுப்பி, எஞ்சின் ஏற்றத் திரும்ப ஸுஃபென்ஹௌசன் கொண்டுவந்து, கடைசிச் சோதனைக்கு மறுபடி சிண்டெல்ஃபிங்கன். ஒரு காருக்கு 18 நாள்! கணக்குப் பிள்ளைக்குத் தலை சுற்றியிருக்கும்.

ஜெயநகர்: எஞ்சினைப் பெரிதாக்கினால் போதாதா சார்?

அது சுலபமான பாதி. பானட்டைத் திறந்தால் விரல் நுழைய இடமிருக்காது; அதனால் பேட்டரி டிக்கிக்குப் போனது. 326 குதிரைத்திறனை நிறுத்த 500எஸ்எல்லின் பிரேக்குகள். உடம்பும் 23 மில்லிமீட்டர் தாழ்ந்தது. பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய டிஃபரன்ஷியல் பின்சீட்டின் நடுவை விழுங்கியதால் நாலு பேர்தான் உட்காரலாம். குடும்பக் கார் என்று வாங்கிவிட்டு மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். தெரியாதவர் பார்த்தால் டாக்டர் வீட்டு வண்டி என்றுதான் நினைப்பார். புடைத்த மட்கார்டைக் கவனித்தவருக்கு மட்டும் விஷயம் புரியும்.

ஃப்ரேசர் டவுன்: வேகம்?

மணிக்கு 250 கிலோமீட்டரில் கம்பெனியே கட்டுப்போட்டது. 100ஐத் தொட ஆறு வினாடி சொச்சம். கியர் 4 வேக ஆட்டோமேடிக்தான். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் இதெல்லாம் பேசிப் பயனில்லை.

கே.ஆர். புரம்: என்னிடம் புனேயில் பூட்டிய, இதே டபிள்யூ124 வகை இ220 இருக்கிறது அண்ணா. வி8 ஏற்றலாமா?

வேண்டாம். உங்கள் வண்டி 150 குதிரைக்காகச் செய்தது. வி8 ஏற்றினால் பிரேக், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர், முன் சஸ்பென்ஷன் என்று வரிசையாக மாற்றியாக வேண்டும்; போர்ஷே பொறியாளர்கள் பட்ட பாட்டை ஜே.சி. ரோட்டில் ஒரு மெக்கானிக் தலையில் கட்டுவது நியாயமா? போதாக்குறைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வேறு: ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காசில் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். வண்டி ஓட்டவே வேறு மாதிரி இருக்கும்.

இந்திரா நகர்: ஜெர்மனியிலிருந்து ஒன்றை வரவழைக்கலாமா?

மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய விடமாட்டார்கள். 500இ உற்பத்தி 1995இலேயே முடிந்துவிட்டது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.